பிள்ளைக்காக மன்றேறும் பெற்றோருக்கு யார் துணை?

பிள்ளைகளைப் பாதுகாப்பது அரசின் கடமை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. வீட்டினுள் அடிபட்டும், பசியால் வாடியும், பாலியல் கொடுமைக்கு ஆளாகியும் துன்புறும் பிள்ளையை மீட்பதற்குச் சட்டம் தலையிடத்தான் வேண்டும். எனினும், அவ்வாறு தலையிடும் நாளில் நீதவானின் முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பொலிஸார் தமது அறிக்கையுடன் நிற்பர். நன்னடத்தை உத்தியோகத்தர் தமது குறிப்புகளுடன் நிற்பார். தேவைப்படின் வைத்திய அதிகாரியின் அறிக்கையும் இருக்கும். இவர்கள் அனைவரும் மன்றின் மொழியையும் நடைமுறையையும் அறிந்தவர்கள். பிள்ளையின் தாயோ தகப்பனோ மட்டும் எதுவும் அறியாதவராக, பெரும்பாலும் சட்டத்தரணி எவருமின்றி, ஓர் ஓரத்தில் நிற்பார்.

அந்தச் சில நிமிடங்களில் தீர்மானிக்கப்படுவது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகால வாழ்வு. ஆகவே, பிள்ளைப் பாதுகாப்பு நடவடிக்கைகளை எதிர்கொள்ளும் பெற்றோருக்குச் சட்டம் என்ன இடம் தந்துள்ளது, எத்தகைய உதவியை அவர்கள் நாடலாம், இந்த ஏற்பாட்டில் உள்ள குறை யாது என்பவற்றை விளக்க வேண்டியுள்ளது.

சட்டம் திறந்து வைத்துள்ள நான்கு வழிகள்

இந்நாட்டில் இத்துறைக்கு அடித்தளமிட்டது 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமாகும். 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தைத் தழுவி எழுந்தது இது. பின்னர் 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடுகளை ஏற்பது இச்சபையே. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவையானது 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கீழ் மாகாண சபைகளுக்குப் பகிரப்பட்ட விடயங்களுள் ஒன்று. எனவே, தேசிய மட்டத்தில் ஒரு சபை, மாகாண மட்டத்தில் ஒரு திணைக்களம், பிரதேச செயலக மட்டத்தில் உத்தியோகத்தர்கள், இவற்றோடு பொலிஸ், நீதிமன்றம் எனப் பல கதவுகள் உள்ளன. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் பெற்றோர் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளை என்று ஒருவரைச் சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டு செல்லப் பொலிஸாருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் அதிகாரமுண்டு. சிறுவர் நீதிமன்றம் தனியாக இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே அவ்வாறு அமர்கிறது. பெற்றோர் இல்லாத நிலை, அவர்கள் தக்க பராமரிப்பை வழங்காத நிலை, தீய சகவாசம், ஒழுக்கத்துக்கு நேரும் ஆபத்து, கொடுமைப்படுத்தல், கவனிப்பாரற்று விடப்படல் போன்றவை சட்டம் கருதும் காரணங்களாகும்.

இவ்வாறு முன்னிலைப்படுத்தப்படும் பிள்ளை தொடர்பில் நீதிமன்றம் செய்யக்கூடியவை பிரதானமாக நான்கு. முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட அல்லது சான்றளிக்கப்பட்ட பாடசாலைக்கு அனுப்புதல். இரண்டாவது, உறவினராயினும் அல்லாவிடினும் தகுதியான ஓர் ஆளின் பராமரிப்பில் ஒப்படைத்தல். மூன்றாவது, பிள்ளையை முறையாகப் பராமரிப்பதாகப் பெற்றோரிடமே பிணைமுறி எழுதி வாங்குதல். நான்காவது, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பிள்ளையை வைத்தல்.

இந்நான்கையும் ஊன்றிப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். பிள்ளையை நிறுவனத்துக்கு அனுப்புவது சட்டம் காட்டும் வழிகளில் ஒன்று மட்டுமே. மூன்றாவதும் நான்காவதும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு குறையைத் திருத்துவதற்கான வழிகள். இரண்டாவது வழியும் அம்மம்மாவின் வீட்டுக்கோ சித்தியின் வீட்டுக்கோ பிள்ளை செல்ல இடமளிக்கிறது. ஆனால் இவற்றை நீதவானிடம் எடுத்துக் கூறி, இன்னார் பொறுப்பேற்க முன்வந்துள்ளார், இன்னின்ன ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன என்று காட்டுவதற்கு ஒருவர் வேண்டும். அவ்வாறு கூற எவரும் இல்லாதவிடத்து, முதலில் கண்ணில் படும் வழி இல்லமாகவே இருக்கும். பெற்றோருக்குச் சட்டத்தரணி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கான முழு விடையும் இதில் அடங்கியுள்ளது.

வறுமை குற்றமன்று

இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அல்லர். வறுமை, தாயின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு, குடும்பப் பிரிவு, தகப்பனின் குடிப்பழக்கம், பாடசாலை வசதியின்மை போன்ற காரணங்களாலேயே பலர் அங்கு சேர்க்கப்படுகின்றனர். போரினால் சிதைந்த வடக்கு கிழக்கிலும், மலையகத் தோட்டப்புறங்களிலும், நகரப்புறத்துச் சேரிகளிலும் இதனை அறியாதார் இலர்.

வறுமையும் அதனோடு ஒட்டிய நிலைமைகளும் மாத்திரமே ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்கான நியாயமாக ஒருபோதும் அமையலாகாது என்றும், அவை அக்குடும்பத்துக்கு உதவி தேவை என்பதன் அறிகுறியாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் கூறுகின்றன. இலங்கை 1991 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆவது உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் தீர்மானம் நீதிமன்ற மீளாய்வுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அந்நடவடிக்கையில் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் பங்கேற்றுத் தம் கருத்தைத் தெரிவிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். பிள்ளைகள் தொடர்பான எல்லா விடயங்களிலும் பிள்ளையின் நலனே முதன்மையானது என்பது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நம் உள்நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது.

அனைவருக்கும் பங்கேற்கும் வாய்ப்பு என்று தாளில் எழுதிவிடுவது எளிது. தன் வீட்டைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையை வாசிக்க முடியாத தாய்க்கு அந்த வாய்ப்பு எதனைத் தரும்?

புரியாத கடதாசியும் கையொப்பமும்

வடக்கு கிழக்குக்கு வெளியே வாழும் தமிழ், முஸ்லிம் பெற்றோர் எதிர்கொள்ளும் முதற் சுவர் மொழி. வழக்கு சிங்களத்தில் நடைபெறுகிறது. அறிக்கைகளும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. மன்றின் மொழியை அறியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசே வழங்க வேண்டும் என அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை விதிக்கிறது. இது நீதிமன்றம் காட்டும் சலுகை அன்று. கேட்டுப் பெறவேண்டிய உரிமை. ஆயினும், கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு வெளியே வருவோரே அதிகம்.

இத்தகைய கையொப்பங்கள் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலேயே சான்றுண்டு. 1970களிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். பொய்யான பிறப்பு ஆவணங்கள், பெற்ற தாயாக நடித்த பெண்கள், விலை பேசப்பட்ட குழந்தைகள் எனப் பல முறைகேடுகள் பிற்காலத்தில் அம்பலமாயின. 1973 முதல் 1997 வரையான காலத்தில் சுவிற்சர்லாந்துக்குச் சென்ற இலங்கைக் குழந்தைகள் தொடர்பில் தமது அதிகாரிகள் தவறியதை அந்நாட்டு அரசு 2020 ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. அந்தத் தாய்மாருக்கு அன்று விளக்கம் கூற ஒரு சட்டத்தரணி அருகில் இருந்திருப்பின், அக்கதைகளிற் சில வேறுவிதமாக முடிந்திருக்கும்.

முஸ்லிம் பெற்றோர் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்களும் உள்ளன. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் காதி நீதிமன்றத்துக்குத் தாபரிப்பு, விவாகரத்து போன்ற விடயங்களில் அதிகாரமுண்டு. ஆனால் பிள்ளையின் கட்டுக்காவலைத் தீர்மானிக்கவோ, நீதவான் இட்ட பாதுகாப்புக் கட்டளையை மாற்றவோ அதற்கு அதிகாரமில்லை. காதியாரிடம் முறையிட்டுவிட்டு நீதவான் நீதிமன்றத் தவணையைத் தவறவிடுவது பெரும் பாதகமாக முடியும். இரண்டாவது, பிள்ளைக்கு மாற்றுப் பராமரிப்பைத் தெரிவு செய்கையில் அதன் சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணியைக் கருத்திற்கொள்ள வேண்டும் எனச் சமவாயத்தின் 20 ஆவது உறுப்புரை கூறுகிறது. வம்சத்தை மாற்றாது பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்க்கும் இஸ்லாமிய முறையான கபாலாவையும் அது பெயர் சுட்டி ஏற்கிறது. பொறுப்பேற்கத் தயாராகவுள்ள உறவினர் இருப்பின் அதனை மன்றில் எடுத்துரைக்க இது வலுவான ஆதாரம். தமிழ்ப் பெற்றோரும் மொழி, சமயம் என்ற அடிப்படையில் இதே வாதத்தை முன்வைக்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பிள்ளை பொறுப்பேற்கப்பட்ட அன்றே அறிய வேண்டியவை சில உள்ளன. பிள்ளையைக் கொண்டு சென்ற உத்தியோகத்தர் யார், எந்த நிலையத்தைச் சேர்ந்தவர், எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன, அடுத்த தவணை எப்போது என்பவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை இல்லத்தில் இருப்பது நீதிமன்றக் கட்டளையின் பேரிலா அல்லது பெற்றோரின் சம்மதத்தின் பேரிலா என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். இவ்விரண்டுக்கும் பரிகாரம் வேறு வேறு.

அடுத்ததாக, தவணைக்கு முன்னரே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாட வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட இவ்வாணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு இலவச ஆலோசனையும் மன்றில் தோன்ற சட்டத்தரணியும் வழங்குகிறது. நாட்டின் பல நீதிமன்ற வளாகங்களில் இதன் நிலையங்கள் உள்ளன. செல்லும்போது தேசிய அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தல், பிள்ளையின் கிளினிக் அட்டை, பாடசாலையின் கடிதம், நீதிமன்றமோ பொலிஸாரோ தந்த கடதாசிகள் ஆகியவற்றைக் கொண்டு செல்ல வேண்டும். தாபரிப்பு வழக்குக்குத்தான் அங்கு போகலாம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு, அது தவறு.

மூன்றாவதாக, வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிடலாகாது. தமிழில் விளக்குமாறு கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. நன்னடத்தை அறிக்கையில் உண்மைக்கு மாறானது ஏதும் இருப்பின், அதனை மன்றுக்கு எடுத்துரைக்கச் சட்டத்தரணியைக் கோர வேண்டும்.

நான்காவதாக, குறையை மறுப்பதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தாது, மாற்றத்தைக் காட்ட வேண்டும். தகப்பன் குடியை விட்டுச் சிகிச்சை பெறுகிறார், தாய் வெளிநாடு செல்வதைக் கைவிட்டுள்ளார், பேரப்பிள்ளையை வைத்துக்கொள்ள பாட்டி முன்வந்துள்ளார், பிள்ளை மீண்டும் பாடசாலை செல்ல இடம் கிடைத்துள்ளது போன்றவையே நீதவானின் மனதைத் திருப்புவன. அவற்றை வாயால் சொல்வதோடு நில்லாது கடிதங்களாலும் காட்ட வேண்டும்.

ஐந்தாவதாக, பிள்ளையைப் பார்க்க அனுமதித்த நாட்களைத் தவறவிடலாகாது. சென்ற திகதிகளைக் குறித்து வைத்தல் நன்று. நீண்டகாலம் பார்க்க வராத பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டவராகக் கருதப்படக்கூடும். பஸ் கட்டணத்துக்கு வழியின்றிச் செல்ல முடியாதிருந்தால், அந்த நிலைமையை நன்னடத்தை உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. பிள்ளை கூறிய வாக்குமூலத்தை மாற்றும்படி வற்புறுத்துவதோ, இல்லத்திலிருந்து பிள்ளையை இரகசியமாக அழைத்துச் செல்வதோ பெற்றோரையே குற்றவாளியாக்கும். மேலும், பிள்ளையைக் கொடுமைப்படுத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் 1995 முதல் தனிக் குற்றமாகும். பாதுகாப்பு நடவடிக்கை ஒருபுறமும் குற்ற வழக்கு மறுபுறமுமாக நடைபெறுகையில், ஒன்றில் சொல்வது மற்றொன்றைப் பாதிக்கும். ஆதலால் சட்டத்தரணியைக் கலந்தாலோசித்த பின்னரே வாக்குமூலம் அளிப்பது விவேகமானது. தகப்பன் மீது குற்றச்சாட்டு இருந்து தாய் மீது இல்லையெனில், இருவருக்கும் ஒரே சட்டத்தரணி தோன்றுவது தாய்க்குப் பாதகமாகலாம். பிள்ளையை மீட்பதற்குத் தாய்க்கு உள்ள நியாயம் அவரது சொந்த நியாயமாகத் தனித்து ஒலிக்க வேண்டும்.

கட்டளை இடப்பட்டுவிட்டது என்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நிலைமை மாறியிருப்பின் கட்டளையை மாற்றக் கோரலாம். மேல் நீதிமன்றை நாடவும் வழியுண்டு. சட்ட அதிகாரமின்றிப் பிள்ளை தடுத்து வைக்கப்பட்டிருப்பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். இவற்றுக்குக் காலவரையறைகளும் நிபந்தனைகளும் உள்ளமையால் தாமதம் ஆகாது.

பிற நாடுகள் கண்ட தெளிவு

இங்கிலாந்தில், பிள்ளையைப் பொறுப்பேற்க உள்ளூராட்சி சபை 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தால், பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்றோ, வழக்கு வெல்லுமா என்றோ பாராமல் அரச செலவில் சட்டத்தரணி வழங்கப்படுகிறார். 2013 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு குடும்ப வழக்குகளுக்கான சட்ட உதவியைப் பெருமளவில் வெட்டியபோதும் இவ்வொன்றில் கைவைக்கவில்லை. வழக்குக்கு முந்திய எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தவுடனேயே இலவச ஆலோசனை பெறவும் அங்கு வழியுண்டு. இலண்டனில் வாழும் நம்மவர் குடும்பங்களும் இவ்வுரிமைக்கு உரியனவே.

அந்நாட்டிலேயே, 1998 ஆம் ஆண்டில் பிறந்த அன்றே பிரிக்கப்பட்ட குழந்தை ஒன்றின் தாய், சட்டத்தரணிகள் விலகிக்கொண்டதால் தானே வழக்காட வேண்டியதாயிற்று. 2002 ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், இது நீதியான விசாரணைக்கான உரிமையை மீறியதெனத் தீர்ப்பளித்தது. கனடாவில், அரச உதவிப் பணத்தில் வாழ்ந்த மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவருக்குச் சட்ட உதவி மறுக்கப்பட்டது. அத்தகைய விசாரணையில் அவருக்கு அரச செலவில் சட்டத்தரணி வழங்கப்பட்டிருக்க வேண்டும் என 1999 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

பெற்றோருக்கு வலுவான சட்டத்தரணி கிடைத்தால் ஆபத்தான வீடுகளுக்குப் பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுவார்கள் அல்லவா என்ற அச்சம் நியாயமானதே. இதற்கு விடை நியூயோர்க் நகரிலிருந்து கிடைத்துள்ளது. அங்கு 9,582 குடும்பங்களின் வழக்குகளை ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாகியது. தனித்தியங்கும் சட்டத்தரணி தோன்றிய வழக்குகளும், சட்டத்தரணியோடு சமூகப் பணியாளரும் சேர்ந்து பெற்றோருக்குத் துணைநின்ற வழக்குகளும் ஒப்பிடப்பட்டன. பின்னைய வகையில் பிள்ளைகள் குடும்பத்தைப் பிரிந்திருந்த காலம் சராசரியாக ஏறத்தாழ நான்கு மாதங்கள் குறைந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பில் எவ்வித வேறுபாடும் காணப்படவில்லை. ஆகவே, பெற்றோருக்கு உதவுவது பிள்ளைக்கு எதிரானது என்ற எண்ணம் ஆதாரமற்றது. நான்கு மாதம் என்பது பெரியோருக்குச் சிறிது. மூன்று வயதுப் பிள்ளைக்கோ அது தாயின் முகம் மறக்கும் காலம்.

செய்ய வேண்டியது யாது?

இங்கிலாந்தைப் போன்று பணத்தை அள்ளி வழங்க நம் நாட்டால் இயலாது என்று கூறப்படலாம். ஆனால் செலவு அதிகமில்லாத சில ஏற்பாடுகளை உடனே செய்ய இயலும். பிள்ளையைப் பொறுப்பேற்கும் உத்தியோகத்தர், பெற்றோரின் உரிமைகளையும் அண்மையிலுள்ள சட்ட உதவி நிலையத்தின் விபரத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளாக அவர்களிடம் கையளிக்கலாம். சிறுவர் வழக்குகள் எடுக்கப்படும் நாட்களில் ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் அம்மன்றில் கடமையில் இருக்கலாம். நன்னடத்தை அறிக்கையைத் தவணைக்குப் போதிய நாட்களுக்கு முன்னர், பெற்றோரின் மொழியில் வழங்கலாம். இல்லத்துக்கு அனுப்பும் கட்டளை கோரப்படும்போது, மற்றைய வழிகள் ஏன் பொருந்தாதென அறிக்கையிலேயே காரணம் காட்டுமாறு நீதவான்கள் கேட்கலாம்.

சமூகத்துக்கும் பொறுப்புண்டு. பள்ளிவாசல் நிருவாகமும் ஆலய பரிபாலன சபையும் தோட்டத் தொழிற்சங்கமும் மாதர் சங்கமும், அறிவுரை கூறுவதோடு நின்றுவிடாது, தவணை நாளில் அத்தாயுடன் மன்றுக்குச் செல்ல ஒருவரை அனுப்பலாம்.

கொடுமை செய்யும் பெற்றோரைக் காப்பதற்காக இக்கோரிக்கை முன்வைக்கப்படவில்லை. எந்தப் பெற்றோர் கொடியவர், எவர் வெறுமனே ஏழை என்பதைப் பிரித்தறிய வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்துடையது. ஒரு தரப்பை மட்டும் செவிமடுத்து அதனைச் சரிவரச் செய்ய எந்த நீதவானாலும் இயலாது. பெற்றோரின் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியை நிறுத்துவதால் முதற் பயனைப் பெறப்போவது, தீர்ப்புக்காகக் காத்திருக்கும் அந்தப் பிள்ளையே.